கணினி காட்டும் சூட்டை எவ்வளவு நம்பலாம்?

(நம் குடியிருப்பின் கூட்ட அறையில் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர், மணலியில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி.)

செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னபோது, "அண்ணே, கம்ப்யூட்டர் சூடாவதைப் பற்றி அரைமணி நேரம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்காற்று வாங்கப் போகாமல் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால், பாதிப் பேர் வீட்டில் இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று தெரிகிறது. மீதிப் பேர் வடைக்காக வந்திருக்கலாம். அதுவும் சரிதான்.

முதலில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன கோடையில் நம் சங்க அலுவலகக் கணினி நின்றுபோனது எல்லாருக்கும் தெரியும். பராமரிப்புக் கட்டணக் கணக்கு ஏழு மாதத்துக்குப் போய்விட்டது. பொருளாளர் அம்மா ரசீதுக் கட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரும்பத் தட்டச்சு செய்தார். ரசீது கிடைக்காத இரண்டு வீட்டுக்காரர்களோடு மனக்கசப்பே வந்தது. அந்தக் கணினி நிற்பதற்கு இருபது நாள் முன்னால், "சார், டப்பா ரொம்ப சத்தம் போடுது, தொட்டா சுடுது" என்று நம் வாட்ச்மேன் என்னிடம்தான் வந்து சொன்னார். நான் போய் ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். திரையில் 27.8 டிகிரி என்று இருந்தது. "ஐஸ் மாதிரி இருக்கு, ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது மே மாதம். அந்த அறையில் ஏசி கிடையாது. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண வெப்பமானி அன்றைக்குக் காட்டியது 35. சுற்றியிருக்கும் காற்று 35 டிகிரியில் இருக்கும்போது, அந்தக் காற்றை வைத்தே குளிரவைக்கும் ஒரு பெட்டி 27.8-க்கு எப்படிப் போகும்? பானைத் தண்ணீர் குளிர்வது ஆவியாவதால். கணினிக்குள் ஆவியாக எதுவும் இல்லை. முப்பத்தோரு வருஷம் கருவி பார்த்தவன், ஒரு குழந்தை கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் மீட்டர் முள் சந்தேகமாக நின்றால் முதலில் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்ப்போம். திரையில் தசமப் புள்ளியோடு எண் வந்ததும் தட்டிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

பெட்டியைப் பிற்பாடு திறந்தபோது முன்பக்க ஃபேன் தூசியில் இறுகி நின்றிருந்தது. அதற்கு நேர் பின்னால் ஹார்டு டிஸ்க். சூட்டினால்தான் டிஸ்க் செத்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், அதற்கு ஏழு வயது ஆகியிருந்தது. ஆனால் அன்றைக்கே திறந்து பார்த்திருந்தால் கணக்கைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருப்போம். அந்த வருத்தத்தில்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

அந்த 27.8 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கும். மதர்போர்டில் இருக்கும் பயாஸ், விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ வெப்பநிலையைச் சொல்ல ஏசிபிஐ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் எண்ணை செல்சியஸில் சொல்லமாட்டார்கள். கெல்வினில், அதுவும் பத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். சில போர்டுகளில் அந்த இடத்தில் உண்மையான சென்சார் எதையும் இணைக்காமல், 3010 என்று ஒரு எண்ணை எழுதியே வைத்துவிட்டிருக்கிறார்கள். 3010-இலிருந்து 2732-ஐக் கழியுங்கள். 278. அதாவது 27.8 டிகிரி. மார்கழியிலும் அதுதான், அக்னி நட்சத்திரத்திலும் அதுதான். வீட்டு வாசலில் 'உள்ளே' என்று பலகை மாட்டிவிட்டு ஆள் ஊருக்குப் போன மாதிரி. இணையத்தில் தேடினால் உலகம் பூராவும் இதே 27.8-ஐயும் அதன் தம்பி 29.8-ஐயும் பார்த்துக் குழம்பியவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை நம் சி பிளாக்கில் நடந்தது. கல்லூரியில் படிக்கிற பையன், அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை. பழைய பாகங்களைச் சேர்த்து அவனே கட்டிய டெஸ்க்டாப். கடைசி வருஷ ப்ராஜெக்ட் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு மென்பொருளில் பார்த்தால் ஒரு வரியில் 127 டிகிரி. பயந்துபோய் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. "தம்பி, போர்டு போயிடுச்சு, ஷார்ட் ஆகுது, எரிஞ்சுடும், மாத்திடு" என்று பதினோராயிரம் ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய அம்மா நகையை எடுத்து வைத்தே விட்டார்கள். லிஃப்டில் என்னைப் பார்த்து "அண்ணா, ஒரு தடவை நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க" என்றதால் தப்பித்தது.

நான் போய்ப் பார்த்தேன். 127 காட்டிக்கொண்டே இருக்கிறது, கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பையனிடம் கேட்டேன்: "பெட்டிக்குள்ள ஏதாவது ஒண்ணு 127 டிகிரியில இருந்தா, தண்ணி கொதிக்கிறதுக்கு மேல 27 டிகிரி. பிளாஸ்டிக் வாடை வரலையா? கை வெச்சுப் பாத்தியா?" வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

127 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்தது. ஆலையில் தெர்மோகப்பிள் என்று ஒரு சென்சார் உண்டு, இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்தது. அந்தக் கம்பி அறுந்துபோனால் கன்ட்ரோல் ரூமில் முள் கீழே விழாது, உச்சத்துக்குப் போய் நிற்கும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருப்போம். கம்பி அறுந்தது தெரியாமல் ஆபரேட்டர் இன்னும் எரிபொருளைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே கருவிக்காரன் கண்ணுக்கு, முழு அளவில் அசையாமல் நிற்கும் முள் என்றால் 'சூடு' என்று அர்த்தம் இல்லை, 'கம்பி இல்லை' என்று அர்த்தம்.

கணினியிலும் கிட்டத்தட்ட அதேதான். மதர்போர்டில் சூப்பர் ஐ/ஓ என்று ஒரு சில்லு இருக்கும், நுவோட்டான், ஐடிஇ போன்ற கம்பெனிகள் செய்வது. ஃபேன் வேகம், மின்னழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் அதுதான் அளக்கும். அதில் நாலைந்து வெப்ப வாசல்கள் இருக்கும். போர்டு செய்கிற கம்பெனி செலவைக் குறைக்க இரண்டில் மட்டும் சென்சார் வைத்து, மற்றவற்றை வெறுமனே விட்டுவிடும். வெறும் வாசலையும் மென்பொருள் விடாமல் படிக்கும். எட்டு பிட்டில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய எண்கள் -128 முதல் 127 வரை. எனவே வெறும் வாசலில் 127 வரும், இல்லை -128 வரும், சில சமயம் அர்த்தமில்லாமல் மேலும் கீழும் ஆடும். பையனுடைய திரையில் அந்த வரியின் பெயர் ஆக்ஸ்டின். ஆக்ஸிலியரி, அதாவது உபரி. அந்த வரியை மறைத்துவிட்டோம். செலவு பூஜ்யம். அவன் ப்ராஜெக்டையும் முடித்துவிட்டான்.

கடைக்காரர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியவில்லையா என்று கேட்டால், தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எண்ணைப் பார்த்ததும் அவரும் என்னைப் போலத்தான் நம்பியிருப்பார்.

இப்போது முக்கியமான பிராசசர் வெப்பநிலைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் பிராசசருக்குள் சென்சார் கிடையாது. சாக்கெட்டின் நடுக்குழியில், பிராசசருக்கு அடியில், ஒரு சின்ன தெர்மிஸ்டர் நிற்கும். பாத்திரத்தின் சூட்டை மேசையைத் தொட்டு அறிவது போல. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்து ஒரு வீடியோ போட்டது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அன்றைய ஏஎம்டி அத்லான் புகைந்தே போனது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தை எல்லாருமே தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது சென்சார் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இன்டெல் சில்லு "நான் 62 டிகிரி" என்று சொல்வதில்லை. "என் எல்லைக்கு இன்னும் 38 டிகிரி பாக்கி" என்றுதான் சொல்லும். எல்லை 100 என்று மென்பொருளுக்குத் தெரிந்தால், 100-இல் 38-ஐக் கழித்து 62 என்று நமக்குக் காட்டும். எல்லை எவ்வளவு என்று மென்பொருள் தப்பாக நினைத்திருந்தால்? அத்தனை எண்களும் ஒரே அளவுக்குத் தப்பு. கோர் 2 காலத்தில் இது பெரிய குழப்பமாக இருந்தது. ஒரே சில்லுக்கு ஒரு மென்பொருள் 85 என்று வைத்துக்கொள்ளும், இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்ளும், இரண்டும் 15 டிகிரி வித்தியாசமாகக் காட்டும். 2008-ல் இன்டெல்லே எண்களை வெளியிட்ட பிறகுதான் அடங்கியது. பழைய கோர் 2 இன்னமும் நம் குடியிருப்பில் இரண்டு வீட்டில் ஓடுகிறது என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. அந்த சென்சாரை எல்லைக்குப் பக்கத்தில் சரியாக இருக்கும்படிதான் சரிபார்த்து அனுப்புகிறார்கள். எல்லையிலிருந்து விலக விலகத் துல்லியம் குறையும். ஆகவே கணினி சும்மா இருக்கும்போது ஒரு கோர் 33, பக்கத்துக் கோர் 41 என்று காட்டினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 85-க்கு மேல் காட்டினால் நம்புங்கள்.

ஏஎம்டி கதை வேறு. 2017-ல் ரைசன் வந்தபோது 1700எக்ஸ், 1800எக்ஸ் வாங்கியவர்கள் எல்லாம் அலறினார்கள். நல்ல கூலர் போட்டும் அநியாயச் சூடு. ஏஎம்டியே பிறகு விளக்கியது: அந்த மாடல்களில் சில்லு சொல்லும் எண்ணோடு 20 டிகிரியைச் சேர்த்தே வைத்திருக்கிறோம், எல்லா மாடலுக்கும் ஃபேன் ஒரே ஒழுங்கில் சுற்றவேண்டும் என்பதற்காக. முதல் தலைமுறை த்ரெட்ரிப்பரில் அது 27 டிகிரி. 2700எக்ஸில் 10. அந்த எண்ணுக்குப் பெயர் டிகன்ட்ரோல். அது ஃபேனுக்கான எண், நமக்கானது அல்ல. நமக்கானது டிடை. பழைய மென்பொருள் கழிக்கத் தெரியாமல் முன்னதையே காட்டும். புதுப் பதிப்பு கழித்துக் காட்டும். மென்பொருளைப் புதுப்பித்ததும் "20 டிகிரி குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள். குறைந்தது சூடு இல்லை.

ஏஎம்டியின் இன்னும் பழைய சில சில்லுகளில் சென்சாரே நம்பத்தகாதது என்று கம்பெனியே பிழைப்பட்டியலில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிழை எண் 319. லினக்ஸ் எழுதியவர்கள் கறாரானவர்கள், ஏஎம்2 பிளஸ் சாக்கெட்டில் அந்த எண்ணைக் காட்டவே மறுத்துவிட்டார்கள். நாமாக வற்புறுத்தினால்தான் காட்டும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கிறது. 27.8 என்று எழுதி வைப்பதற்கு, "தெரியாது" என்று சொல்வது எவ்வளவோ மேல்.

சரி, வீட்டில் எப்படிச் சோதிப்பது? பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு சுவர் வெப்பமானி, பத்து நிமிஷம்.

ராத்திரி முழுக்க அணைத்து வைத்த கணினியைக் காலையில் போடுங்கள். போட்ட முதல் நிமிஷத்தில் உள்ளே இருக்கும் எல்லாமே அறை வெப்பத்தில்தான் இருக்கும். அறை 31 என்றால் ஹார்டு டிஸ்க் 31, 32 காட்டவேண்டும். மதர்போர்டு அதற்குச் சற்று மேலே. பிராசசர் மட்டும் மின்சாரம் போன நொடியே சுறுசுறுப்பாகிவிடும் என்பதால் இன்னும் கொஞ்சம் மேலே. அந்த நேரத்தில் அறைக்குக் கீழே எது காட்டினாலும் பொய். ஏதாவது ஒன்று 70, 80 என்று எகிறி நின்றால், அதுவும் பெரும்பாலும் பொய், இல்லையென்றால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. ஆலையில் நாங்கள் சென்சாரை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பூஜ்யம் பார்ப்போம். வீட்டில் நமக்கு விடியற்காலைதான் ஐஸ் தண்ணீர்.

அடுத்து, வேலை கொடுங்கள். ஒரு பெரிய வீடியோவை மாற்றச் சொல்லுங்கள், இல்லை பிள்ளைகளை விளையாடச் சொல்லுங்கள், இதற்கு மட்டும் மறுப்பு இருக்காது. பிராசசர் எண் சில நொடியில் ஏறவேண்டும், நிறுத்தினால் இறங்கவேண்டும். ஹார்டு டிஸ்க் எண் மெதுவாக, கால்மணி அரைமணி எடுத்துக்கொண்டு ஏறும், அதன் உடம்பு கனம். அசையவே அசையாத எண் எதுவானாலும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மலிவு எஸ்எஸ்டி சிலவற்றில் சென்சாரே கிடையாது, ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையை நம் அலுவலகக் கணினியில் நான் செய்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, வெளி சாட்சி. கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் நெற்றியில் நீட்டும் வெப்பமானி வாங்கி வைத்தோம். அதை எடுத்து ஹீட்சிங்க்கைப் பார்த்து நீட்டாதீர்கள். அது உடம்புச் சூட்டுக்கானது, 42, 43-க்கு மேல் 'ஹை' என்று சொல்லிவிடும். பொருள்களை அளக்கும் துப்பாக்கி வேறு. அதிலும் ஒரு தந்திரம் தெரியவேண்டும். பளபளக்கும் அலுமினியத்தையோ தாமிரத்தையோ நேராக அளந்தால் ரொம்பக் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகம் தன் வெப்பக்கதிரை அவ்வளவாக வெளியே விடாது, சுற்றியிருப்பதைத்தான் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சூடு பிடித்ததும் டேப்பை அளந்து பாருங்கள், எண் சரியாக வரும்.

நான்காவது, கணினியின் நடத்தை. இது எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி. எல்லையைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைக்கும். அதையும் தாண்டினால் சட்டென்று அணைந்துவிடும். இதற்கு விண்டோஸோ மென்பொருளோ தேவையில்லை, சில்லே செய்துகொள்ளும். ஆகவே எண் 110, வேகம் குறையவில்லை, அணையவில்லை என்றால் எண்ணைச் சந்தேகியுங்கள். எண் 45, ஆனால் இழுத்து இழுத்து ஓடுகிறது, அரைமணிக்கு ஒருமுறை அணைகிறது என்றால், அப்போதும் எண்ணைச் சந்தேகியுங்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருளை ஓட்டாதீர்கள். ஸ்பீட்ஃபேன், எச்டபிள்யூஇன்ஃபோ, போர்டுக்காரர் கொடுக்கும் ஒன்று என்று எல்லாம் ஒரே சில்லிடம் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால், ஒருவருக்குச் சொல்லவேண்டிய பதில் இன்னொருவருக்குப் போய்விடும். திடீரென ஒரு நொடி 200 டிகிரி, அடுத்த நொடி 40 என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான். 2025 மார்ச்சில் இன்னொரு தலைவலி வந்தது. இந்த மென்பொருள்களில் பல, வின்ரிங் ஜீரோ என்ற ஒரு பழைய டிரைவரை நம்பியிருந்தன. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடித்து அடைத்துவிட்டது. நம் ஏ பிளாக்கில் ஒருவருக்கு எண்கள் எல்லாம் மறைந்துபோய், "வைரஸ் வந்துடுச்சு" என்று முழுக் கணினியையும் அழிக்கப் போனார். மென்பொருளின் புதுப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து போட்டுக்கொண்டால் போதும். டிஃபெண்டரை அணைக்காதீர்கள்.

பயாஸில் பார்த்தால் 55, விண்டோஸில் பார்த்தால் 40, எது பொய் என்று கேட்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். விண்டோஸ் வேலை இல்லாதபோது பிராசசரைத் தூங்கவைக்கும். பயாஸுக்கு அந்தப் பக்குவம் கிடையாது, விழித்தபடியே வைத்திருக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சூடு காட்டினால் பொய்தான்" என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அதற்காகவே ஒரு கதை. 2022 டிசம்பரில் ஏஎம்டி ரேடியான் 7900 எக்ஸ்டிஎக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் கார்டு வந்தது, லட்சம் ரூபாய் விலையில். சிலருக்கு அதில் ஒரு புள்ளி 110 டிகிரி தொட்டு, ஃபேன் அலறி, வேகம் விழுந்தது. "110 வரை சகஜம்" என்றுதான் முதலில் பதில் வந்தது. அந்த பதிலும் ஆதாரம் இல்லாதது அல்ல, 2019-லேயே அந்தக் கம்பெனி தன் கார்டுகளுக்கு 110 வரை அனுமதி என்று சொல்லியிருந்தது. ஆனால் வாங்கியவர்கள் விடவில்லை. கார்டை நிமிர்த்தி வைத்தால் குறைகிறது, படுக்க வைத்தால் ஏறுகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் கம்பெனி ஒப்புக்கொண்டது: குளிர்விக்கும் உலோக அறைக்குள் இருக்கவேண்டிய தண்ணீர், ஒரு தொகுதி கார்டுகளில் போதிய அளவு இல்லை. எண் முழுக்க உண்மை. அதைத் தட்டிக் கழித்ததுதான் தப்பு. சென்சாரைச் சந்தேகிக்கும் உரிமை, சோதித்துப் பார்த்தவனுக்குத்தான் உண்டு.

நம் பக்கத்துக்கென்று சில விஷயம் உண்டு. நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் ஒரே நாளில் வேறு வேறு டிகிரி சொல்கிறார்கள், கேட்டிருப்பீர்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அதெல்லாம் நிழலில், காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், நாலடி உயரத்தில் அளப்பது. உங்கள் மேற்குச் சுவர் ஓரத்தில், மேசைக்கு அடியில், தரையோடு இருக்கும் கணினிக்கு அந்த எண் பொருந்தாது. வெளிநாட்டுக்காரர்கள் "அறை வெப்பம் 22, பிராசசர் 65" என்று எழுதுவதைப் படித்துவிட்டு, நமக்கு 78 வருகிறதே என்று பயப்படாதீர்கள். அறை 35 என்றால் 13 டிகிரி அங்கேயே போய்விட்டது. 65-உம் 13-உம் 78. கணக்கு சரி.

கடல் உப்பும் தூசியும் அப்படிக் கழித்துவிடக்கூடிய விஷயம் இல்லை. எண்ணூர் பழைய அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள், ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை நிலையம் ஓடுகிறது, துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது, கன்டெய்னர் லாரி வரிசை நிற்காது. பால்கனி துணியைத் தட்டினால் என்ன நிறம் வருகிறது என்று அம்மாக்களுக்குத் தெரியும். அதே தூசி, உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் பசை மாதிரி அப்பிக்கொள்கிறது. அலுமினியத் தகட்டில் வெள்ளையாகப் பூக்கிறது, இணைப்பு முனைகளில் பச்சை பிடிக்கிறது. முனையில் பச்சை பிடித்தால் ஃபேன் வேகமும் தப்பாக வரும், கம்பியில் தொங்கும் தெர்மிஸ்டரின் எண்ணும் தப்பாக வரும். கழற்றி மறுபடி செருகினாலே சில சமயம் சரியாகிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வறண்ட பெயின்ட் பிரஷ்ஷால். ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். மின்சாரம் வரும் இரும்புப் பெட்டியை, அதுதான் எஸ்எம்பிஎஸ், வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள், திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். இட்லி மேல் சட்னி மாதிரி ஊற்ற வேண்டாம். இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நான் பார்த்த உண்மையான சூட்டுக் கேஸ்களில் பாதி அந்த ஒற்றைக் கால்தான்.

கேள்விகள் சிலவற்றை மட்டும் இங்கே சேர்க்கச் சொன்னார் செயலாளர்.

டி பிளாக் அம்மா ஒருவர், கணினிக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்தால் நல்லதா என்று கேட்டார். நல்லதுதான், பக்கத்தகட்டைத் திறந்து வைத்து ஃபேனையும் வைத்தால் எண் குறையும். ஆனால் தூசியும் இரண்டு மடங்கு போகும். சோதனைக்காக ஒரு மணி நேரம் வையுங்கள். திறந்து வைத்ததும் பத்து டிகிரி விழுந்தால் உங்கள் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். பிறகு மூடிவிட்டு ஃபேனைச் சரிசெய்யுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அவளுடைய எஸ்எஸ்டி -273 டிகிரி காட்டுகிறது, அது எப்படி என்று கேட்டாள். அன்றைய மாலையின் சிறந்த கேள்வி. என்விஎம்இ வகை டிஸ்க் தன் சூட்டைக் கெல்வினில் சொல்லவேண்டும் என்பது விதி. அது பதில் சொல்லாமல் பூஜ்யம் என்று விட்டுவிட்டால், மென்பொருள் விசுவாசமாக 273-ஐக் கழித்துவிடுகிறது. பிரபஞ்சத்தில் அதைவிடக் குளிர் கிடையாது. "அப்ப எங்க வீட்லதான் இருக்கு!" என்றாள்.

புது அலுவலகக் கணினியில் எந்த எண்ணைப் பார்ப்பது என்று பொருளாளர் அம்மா கேட்டார். ஹார்டு டிஸ்க் சொல்லும் எண்ணையும், மேசை மேல் நான் வைத்திருக்கும் சுவர் வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டில் எழுதி வாருங்கள் என்றேன். இரண்டுக்கும் நடுவில் 15 டிகிரிக்கு மேல் போனால் எனக்கு ஃபோன் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் கணக்கைப் பென்டிரைவில் எடுத்து, அந்தப் பென்டிரைவை உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். வாட்ச்மேன் வந்து "தொட்டா சுடுது" என்று சொன்னால், அன்றைக்கே அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.